மலைக்கு வருகிறவர்களை எப்படி அளப்பது? கொங்கு மாவட்டங்களுக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

கொஞ்ச நாளாக ஒரே கேள்வியை வெவ்வேறு ஆட்கள் கேட்கிறார்கள். ஆழியார் பக்கம் அடிவார ஊராட்சி ஒன்றில் வார்டு உறுப்பினராக இருக்கும் அக்கா கேட்டார். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் நண்பர் கேட்டார். மாவட்ட அளவில் திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலையில் இருக்கும் தம்பி ஒருவரும் கேட்டார். மூவரும் கேட்டதன் சாரம் இதுதான்: "சுற்றுலா நம்ம ஊரை வாழவைக்குதா, தின்னுக்கிட்டு இருக்குதான்னு கணக்கோட சொல்லணும். அளக்கறதுக்கு ஆளுக்கொரு முறை சொல்றாங்க. எதை எடுக்கறதுங்க?"

முறைகள் நிறையவே இருக்கின்றன. எதை எடுத்தாலும் பணமும் ஆளும் நேரமும் போகும், தவறாக எடுத்தால் மூன்று வருடம் வீணாகும். அதனால் முறைகளுக்குப் போகுமுன் எதை வைத்து அவற்றை எடைபோடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

## முதலில் உரைகல்

ஒவ்வொரு முறையிடமும் நான்கு கேள்விகள் கேட்கிறேன். எந்த முடிவை இது மாற்றும்? அளந்து வந்த எண்ணைப் பார்த்து யாராவது ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பேருந்து விடுவதோ, கட்டணம் வைப்பதோ, ஒரு படித்துறையை மூடுவதோ, ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். சத்தியமங்கலம் காட்டுக்குள் ஏறும் திம்பம் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகளின் கணக்கு அந்த வழக்கில் முக்கியமான ஆதாரம். 27 கொண்டை ஊசி வளைவுள்ள சாலையில், அந்தக் கணக்கு ராத்திரிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த உதவியது.

பகல் ஆட்கள், அதாவது காலையில் வந்து இரவு தங்காமல் திரும்புகிறவர்கள், கண்ணில் படுகிறார்களா? கொங்குப் பகுதிக்கு இதுதான் தலையாய கேள்வி என்பது என் முடிவு. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுலாக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போனேன். கையில் கொடுத்த படிவத்தின் முதல் கேள்வி, "நேற்றிரவு எங்கே தங்கினீர்கள்?" என்பது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆழியார் அடிவாரத்தில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வேன் வேனாக வந்தார்கள். பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் குடும்பத்தோடு புறப்பட்டு வந்தவர்கள். மீதிப் பேர் கோயம்புத்தூர், ஈரோடு. யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்: "நைட்டு வீட்லதாங்க இருந்தோம். சாயந்திரம் திரும்பீருவோம்." அந்தப் படிவத்தின்படி "தங்கவில்லை" என்று சொன்னால் மீதிக் கேள்விகள் எல்லாம் தாவிவிடும். நாள் முழுக்க உட்கார்ந்தும் என் கையில் நிரம்பிய படிவங்கள் சொற்பம். படிவத்தை வடிவமைத்தவர்கள் அறை வாடகையை மனதில் வைத்து வடிவமைத்திருந்தார்கள். எதிரே சாலை அடைத்துக்கொண்டு நின்றது, காகிதத்தில் ஊர் காலியாக இருந்தது.

டீக்கடைக்குப் பக்கத்தில் கீறிய மாங்காயும் நெல்லிக்காயும் விற்ற அம்மாவிடம், இன்றைக்கு வியாபாரம் நல்லா இருக்குமே என்றேன். "வண்டி நெறையா வந்தா ஏவாரம் நெறையா ஆகும்னு நெனைக்கறீங்களாக்கும்? சோத்தைக் கட்டீட்டு வந்தர்றாங்கொ. எலையும் டம்ளரும் மட்டும் எங்கூருக்குங்க" என்றார். அவர் சொன்னதில் வரவும் இருக்கிறது, செலவும் இருக்கிறது. இதை எழுதிக்கொள்ள என் படிவத்தில் இடமில்லை.

அந்த வேன்காரர்கள் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வாரம் ஆறு நாள் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்களுக்கு ஒரு நாள் அருவித் தண்ணீர் கிடைக்க வேண்டும். கணக்கில் இல்லாதவர்களுக்குக் கழிப்பறை கட்ட மாட்டார்கள், வண்டி நிறுத்த இடம் ஒதுக்க மாட்டார்கள் என்பதுதான் என் கவலை.

துறை எல்லையையும் மாவட்ட எல்லையையும் தாண்டுமா? ஆனைமலைப் புலிகள் காப்பகம் கோயம்புத்தூர், திருப்பூர் என இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. அதற்குள் இருக்கும் டாப்சிலிப்பில் டிக்கெட் கிழிப்பது வனத்துறை. அணைகள் நீர்வளத்துறையிடம், கோயில்கள் அறநிலையத்துறையிடம். குப்பை மட்டும் ஊராட்சிக்கு.

மூன்றாவது வருடமும் யார் அளப்பார்கள்? ஒரு தடவை அளப்பது போட்டோ எடுத்த மாதிரிதான். வருடா வருடம் அதே விதமாக அளந்தால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

## வழி 1: தலையையும் வண்டியையும் எண்ணுவது

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடையில் உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது.

நம் மலைகளில் இதற்கு முன் இல்லாத ஒரு வசதியை இது தருகிறது: தங்குகிறவர், தங்காதவர் என்ற பேதமில்லாமல் வண்டியில் வரும் எல்லாரும் பதிவாகிறார்கள். எந்தத் தேதி, எத்தனை பேர், என்ன வண்டி என்ற விவரம் உடனுக்குடன் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அச்சில் வரும் மாநில மொத்தத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 2022-இல் தமிழ்நாட்டுக்கு ஏறக்குறைய 21.8 கோடி உள்நாட்டுப் பயண வருகைகள் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. அதில் ஆழியாருக்கு எவ்வளவு, எந்தக் கிழமையில் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மறைந்த செலவுகளும் உண்டு. நீலகிரியில் அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் வேண்டாம், உள்ளூர்ப் பதிவெண் வண்டிக்கும் வேண்டாம். அதாவது சூழலுக்குக் குறைந்த சுமை தரும் பயணிதான் கணக்கில் விடுபடுகிறார். பாஸ் எடுத்துவிட்டு வராமல் இருப்பவர்களும் உண்டு என்பதால் எடுத்த பாஸையும் சோதனைச்சாவடியைக் கடந்த வண்டியையும் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஒரு மலையில் கதவைச் சாத்தினால் கார்கள் பக்கத்து மலைக்குத் திரும்பக்கூடும். நீலகிரி அடிவாரத்துக் கல்லாறு சோதனைச்சாவடியில் நிறுத்தப்பட்ட வண்டி ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ போனால், நீலகிரியின் எண் மட்டும் அழகாகும்.

செல்போன் கோபுரத் தரவை வைத்து எண்ணலாமே என்று அந்தத் தம்பி கேட்டார். எஸ்தோனியா 2008-லிருந்தே அப்படிச் செய்கிறது. இங்கே நிறுவனங்களிடம் தரவு வாங்கவும், தனியுரிமையைக் காக்கவும் மாநில அளவில்தான் ஏற்பாடு செய்ய முடியும். மலைக்குள் பல இடத்தில் சிக்னலே இல்லை என்பதும் ஒன்று. இப்போதைக்கு விட்டுவிடலாம்.

எப்போது இது நல்லது: போக்குவரத்து, வண்டி நிறுத்தம், பேருந்து எண்ணிக்கை பற்றி முடிவெடுக்கும்போது. மலைக்கு ஒன்றோ இரண்டோ வாசல் மட்டும் இருக்கும் இடங்களில்.

## வழி 2: தாங்குதிறன் ஆய்வு

நிபுணர் குழு வந்து, "இந்த இடம் ஒரு நாளைக்கு இத்தனை பேரைத் தாங்கும்" என்று ஓர் எண் கொடுக்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இப்படி ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. அரசு அலுவலகங்களுக்கு இந்த முறை பிடிக்கும், ஏனென்றால் முடிவில் ஒற்றை எண் கிடைக்கிறது.

அந்த ஒற்றை எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1992-இல் சிஃபுவென்தெஸ் என்பவர் வகுத்த முறைதான் உலகில் பல காப்பகங்களில் பயன்படுகிறது. அதில் மூன்று படி. ஒரு பேச்சுக்கு ஓர் அருவித் துறையை எடுத்துக்கொள்வோம். இடம் 400 சதுர மீட்டர், ஆளுக்கு 4 சதுர மீட்டர் வேண்டும் என்றால் ஒரே நேரத்தில் 100 பேர். எட்டு மணி நேரம் திறந்திருக்கிறது, ஒருவர் இரண்டு மணி நேரம் இருப்பார் என்றால் நான்கு சுற்று. ஆக 400 பேர். இது முதல் படி. அடுத்து, பாறையில் கால்வாசி வழுக்கும், அங்கே நிற்கவிடக்கூடாது என்று கழித்தால் 300. மழை, சரிவு, விலங்குகள் தண்ணீருக்கு வரும் நேரம் எல்லாம் இந்த இரண்டாம் படியில்தான் கழியும். மூன்றாம் படி நிர்வாகம். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள 10 பேர் வேண்டும், இருப்பது 4 பேர் என்றால் 300-இல் நாற்பது சதவீதம், 120.

ஒரே பாறைக்கு 400, 300, 120 என்று மூன்று எண்கள்! இயற்கை அதிகம் பேசுவது இரண்டாவதில். மூன்றாவது எண் ஆள் போடாததைத்தான் காட்டுகிறது. ஆறு பேரை வேலைக்கு வைத்தால் 120 என்பது 300 ஆகிவிடும். அதனால் யாராவது உங்களிடம் தாங்குதிறன் அறிக்கையை நீட்டினால், கடைசிப் பக்கத்து எண்ணை விட்டுவிட்டு மூன்று படியையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இதன் மறைந்த செலவு, இடத்தை அளக்கும் இந்த முறை, வருகிறவர் நடத்தையை அளக்காது என்பதுதான். நூறு பேர் பாட்டில் இல்லாமல் வந்து போவதும், இருபது பேர் பாட்டிலை உடைத்துவிட்டுப் போவதும் இதற்குத் தெரியாது. உடைந்த கண்ணாடி யானைக் காலில் ஏறினால் அந்த யானை படும் பாட்டைக் காட்டோரத்துக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆய்வு முடிந்ததும் குழு போய்விடும் என்பது இன்னொரு குறை. ஐந்து வருடம் கழித்துப் பழைய எண்ணையே கட்டிக்கொண்டு அழ வேண்டியிருக்கும்.

எப்போது இது நல்லது: எல்லை திட்டமாகத் தெரிந்த சின்ன இடத்துக்கு. குரங்கு அருவி, பஞ்சலிங்க அருவி, கொடிவேரி, ஆகாய கங்கைக்கு இறங்கும் படிக்கட்டு. உயிருக்கு ஆபத்துள்ள இடமென்றால் யோசிக்காமல் இதை எடுக்கலாம். ஒரு முழு மாவட்டத்துக்கு ஓர் எண் கேட்பது வீண் வேலை.

## வழி 3: குறிகாட்டிகள்

காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி, தண்ணீர், குப்பை, வேலை, விலைவாசி, ஊரார் மனநிலை என்று பலதையும் சேர்த்து வருடா வருடம் பார்ப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் திருத்திய தொகுப்பில் 43 அடிப்படைக் குறிகாட்டிகள். ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2004-லிருந்து நடத்தும் கண்காணிப்பு மையங்களின் வலையமைப்பு 11 தலைப்புகளைக் கட்டாயமாக வைத்திருக்கிறது.

ஐரோப்பியப் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து இங்கே இறக்கினால் என் படிவத்துக்கு நேர்ந்ததுதான் நேரும். அதில் பல அளவுகள் "ஒரு பயணி தங்கிய ஓர் இரவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு குப்பை" என்று வகுக்கப்பட்டவை. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு இரவே கிடையாது.

ஆனால் இந்த முறையை ஊருக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ளலாம், அதுதான் இதன் பலம். அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தவை இவை:

குப்பைக்கு, திங்கட்கிழமைக் காலைக் குப்பை வண்டியின் எடையிலிருந்து வியாழக்கிழமைக் காலை எடையைக் கழிப்பது. வியாழன் எடை ஊரார் குப்பை. மிச்சத்தில் பெரும்பங்கு விருந்தாளிகள் விட்டுப்போனது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் லோடு ஏற்றுகிற எடைமேடைக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீருக்கு, மேல்நிலைத் தொட்டி மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று இயக்குபவர் எழுதும் நோட்டு. ரிசார்ட், காட்டேஜ்களிலிருந்து மாதம் எத்தனை செப்டிக் டேங்க் லாரி போகிறது, எங்கே கொட்டுகிறது. சாலையில் அடிபட்ட விலங்குகள். ஒரு ஞாயிறும் ஒரு புதனும் உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் கடைகளில் எவ்வளவு விற்றது. பிறகு, வால்பாறைக்காரர்களுக்கு உயிர்நாடியான ஒன்று: ஞாயிறு சாயந்திரம் மேலேயிருந்து புறப்பட்ட 108 ஆம்புலன்ஸ் 40 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் பொள்ளாச்சி அரசு மருத்துவமனை சேர எத்தனை நிமிடம், வார நாளில் எத்தனை நிமிடம்.

மறைந்த செலவு: ஆசை. பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு துறையும் தனக்கொன்று சேர்க்கும், 43-க்கே வந்து நிற்கும், அளப்பதற்கு ஆளிருக்காது. எட்டுக்கு மேல் போகாதீர்கள்.

எப்போது இது நல்லது: ஊராட்சி ஒன்றியம், நகராட்சி அளவில் வருடா வருடம் நிதி ஒதுக்க.

## வழி 4: தேசியக் கணக்கோடு இணைந்த சுற்றுலாக் கணக்கேடு

சுற்றுலாவால் வரும் வருமானம், வேலை, அதற்குச் செலவாகும் நீர், எரிபொருள், உண்டாகும் கழிவு எல்லாவற்றையும் ஒரே கணக்கேட்டில் வரவு செலவாகப் பதிவது. இதற்கான சட்டகத்தை 2024-இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்டது. வருமானப் பக்கத்தை மட்டும் காட்டும் கணக்கேடுகளை இந்தியா 2002-03, 2009-10, 2015-16 ஆண்டுகளுக்குத் தயாரித்திருக்கிறது. சுற்றுச்சூழல் பக்கத்தைச் சேர்ப்பதுதான் புதியது.

நிதித்துறை காது கொடுத்துக் கேட்கும் மொழி இதுதான். மாவட்டத்துக்கு இறக்கினால், கணக்கெடுப்பில் கேள்வி கேட்கப்படும் மாதிரிக் குடும்பங்களின் எண்ணிக்கை போதாமல் கணக்கு ஆட்டம் காணும். கணக்கில் வரும் ஆண்டுக்கும் அது வெளியாவதற்கும் நடுவே வருடங்கள் ஓடிவிடும். மாவட்டங்கள் இதைத் தொட வேண்டாம், சென்னையில் செய்யட்டும்.

## வழி 5: ஊராரைக் கேட்பது

1975-இல் டாக்ஸி என்ற ஆய்வாளர், சுற்றுலா வளரும் ஊரில் மக்கள் மனம் நான்கு கட்டமாக மாறும் என்றார்: முதலில் மகிழ்ச்சி, பிறகு பழகிப்போன அலட்சியம், அடுத்து எரிச்சல், கடைசியில் பகை. எரிச்சல் கட்டத்திலேயே தெரிந்துகொண்டால் சரிசெய்துவிடலாம்.

வருடம் ஆறு கிராமசபை நடக்கிறது. அங்கே கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேளுங்கள், ஆனால் அங்கே குரல் உயர்த்துவது பெரும்பாலும் அறை வாடகைக்கு விடுகிறவர்களும் நிலம் விற்கக் காத்திருப்பவர்களும்தான். தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள், காடர், மலசர், முதுவர் குடியிருப்புகளில் இருப்பவர்கள் பேச மாட்டார்கள், அல்லது வரவே முடியாது. வாசல் வாசலாகப் போய், "போன வருசத்தைவிட ஞாயித்துக்கிழமை உங்களுக்கு நல்லாருக்கா, கஷ்டமா இருக்கா? ஏன்?" என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும். செலவு மிகக் குறைவு. நேரம்தான் செலவு.

எப்போது இது நல்லது: எப்போதும், ஆனால் தனியாக வேண்டாம். வழி 3-இல் ஒரு குறிகாட்டியாக வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த முடிவுக்கு உதவும் | பகல் ஆட்களைப் பார்க்குமா | மறைந்த செலவு |
|---|---|---|---|
| எண்ணிக்கை, இ-பாஸ் | போக்குவரத்து, பேருந்து | வண்டியில் வந்தால் | பேருந்துப் பயணி விடுபடுவார். கூட்டம் பக்கத்து மலைக்குப் போகும் |
| தாங்குதிறன் | அருவி, படித்துறை அனுமதி | பார்க்கும் | ஒரு தடவையோடு நின்றுவிடும் |
| குறிகாட்டிகள் | உள்ளாட்சி நிதி, கட்டணம் | நாமே வகுத்தால் பார்க்கும் | பட்டியல் வீங்கும் |
| கணக்கேடு | மாநில நிதிநிலை | அரைகுறையாக | மாவட்டத்துக்கு இறங்காது, தாமதம் |
| ஊரார் கருத்து | எல்லாவற்றுக்கும் துணை | அவர்களால் வரும் விளைவைப் பார்க்கும் | வீட்டுக்கு வீடு நடக்க வேண்டும் |

## ஆளுக்கு ஏற்றது

ஏற்காட்டு நண்பருக்கு: உங்கள் சங்கத்துக்குத் தேவை தண்ணீர்க் கணக்கு. லாரித் தண்ணீர் வாங்கும் நாட்களை எல்லா ஹோம்ஸ்டேக்காரர்களும் ஒரே நோட்டில் எழுதுங்கள். மே மாதக் கோடை விழாவுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் எத்தனை அறை போதும் என்பதை நீங்களே சொல்லலாம். பிறர் வந்து சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாவட்டத் தம்பிக்கு: ஆலோசனை நிறுவனத்துக்கு டெண்டர் விடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை. வனத்துறை, நீர்வளத்துறை, அறநிலையத்துறை மூன்றும் ஏற்கெனவே டிக்கெட் கிழிக்கும் இடங்களில் இருந்து நாள்வாரி எண்ணிக்கையை மாதம் ஒருமுறை ஒரே தாளில் சேருங்கள். பக்கத்து மாவட்டத் தாளையும் வாங்கி அருகில் வையுங்கள். நீலகிரியில் பாஸ் தீர்ந்த நாளில் ஏற்காட்டில் என்ன ஆனது என்று அப்போதுதான் தெரியும். இதற்குப் புதிதாகப் பணம் வேண்டாம், மாவட்ட ஆட்சியரின் ஒரு கடிதம் வேண்டும். அபாயமான அருவிகளுக்கு மட்டும் தாங்குதிறன் ஆய்வு கேளுங்கள், மூன்று படியும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடிவாரத்து அக்கா எதற்கும் காத்திருக்கவில்லை. போன திங்கட்கிழமைக் காலை குப்பை வண்டியைத் தேங்காய் லோடு எடைமேடையில் ஏற்றிவிட்டார். மேடைக்காரர் காசு வேண்டாமென்று சொல்லி, சீட்டில் எடையை எழுதி, "பொருள்" என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டிருக்கிறார். "ஞாயித்துக்கெழமைன்னு போடுங்க" என்றாராம். வியாழக்கிழமைச் சீட்டுக்காகக் காத்திருக்கிறோம்.